13 வாரத்துக்கு ஒரு ஊர்... அமெரிக்காவின் 'டிராவல்' பிசியோதெரபிஸ்ட்கள்!

காரின் பின்சீட்டில் இரண்டு பெட்டி, ஒரு குக்கர், ஒரு தலையணை. ஜனவரியில் அரிசோனா, ஏப்ரலில் ஓரிகான், ஜூலையில் மெய்ன். ஊர் சுற்றிப் பார்க்கும் பயணமில்லை இது, பிழைப்பு!

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பிரசவ விடுப்பில் போவார். சிற்றூர் மருத்துவமனை ஒன்றுக்கு ஆளே கிடைக்காது. குளிருக்குப் பயந்து முதியவர்கள் அரிசோனா, ஃபுளோரிடா பக்கம் வந்து குவிவார்கள். இப்படி ஆள் தேவைப்படும் இடங்களுக்கு ஏஜென்சி மூலம் போகிறவர்கள்தான் 'டிராவல்' தெரபிஸ்ட்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம்.

சம்பளமா, வாடகையா?

நிரந்தர வேலையைவிட வாரச் சம்பளம் பெரிதாகத் தெரியும். ஆனால், அதில் ஒரு பகுதி மட்டுமே ஊதியம். மீதி, தங்கவும் சாப்பிடவும் தரும் படி. அந்தப் படிக்கு வரி கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேறு ஊரில் நிரந்தர வீடு இருந்து, அதற்கும் செலவு செய்துகொண்டிருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போனால், படிக்கும் வரி கட்ட வேண்டியதுதான். ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடித்தாலும் இந்தச் சலுகை போய்விடும்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சும்மா இருக்கும் வாரங்களுக்குச் சம்பளம் இல்லை. ஒப்பந்தம் பாதியில் ரத்தாகலாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மூட்டு மாற்று அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போக, தெரபிஸ்ட்கள் பலரின் ஒப்பந்தங்களும் ரத்தாயின. அதனால், 'வாரத்துக்கு இத்தனை மணி நேர வேலை உறுதி' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுபவசாலிகள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தேசிய அளவில் தேர்வு ஒன்றுதான் என்றாலும், உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 2018 முதல், உடன்பாட்டில் சேர்ந்த மாநிலங்களுக்கு இடையே இது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது.

பாதியில் நிற்கும் நோயாளி

பணத்தைவிடச் சிக்கலானது இன்னொன்று. பக்கவாதம் வந்தவர் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும் நேரத்தில், 13-வது வாரம் முடிந்துவிடும். 'அடுத்த வாரம் யார் வருவாங்க?' என்று அவர் கேட்பார். நல்ல தெரபிஸ்ட் கடைசி நாள்களில் புதிய பயிற்சி எதையும் தொடங்குவதில்லை. எத்தனை அடி நடக்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், மாடிப்படியில் ஏறப் பயமா, இறங்கப் பயமா என்று எழுதிவைக்கிறார். மனைவிக்கோ மகனுக்கோ, விழாமல் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், நஷ்டம் நோயாளிக்குத்தானே!

நம்மூர் மாணவர்களுக்கு...

தமிழ்நாட்டில் பி.பி.டி. படிப்பவர்கள் சிலருக்கும் இந்த ஆசை உண்டு. அங்கே இன்று பிசியோதெரபி, டாக்டர் பட்ட அளவிலான படிப்பு. நம் படிப்பை அதற்கு ஈடாக மதிப்பிடவைத்து, பிறகு தேர்வும் எழுத வேண்டும். ஹெச்-1பி விசா, வேலை தரும் நிறுவனத்தோடும் பணியிடத்தோடும் கட்டப்பட்டது. வேறு ஊருக்கு மாறினால், பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எனவே, கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகே பெட்டியைக் கட்டுவது நல்லது. 'போன உடனே ஊர் ஊரா வேலை' என்று யாராவது ஆசை காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: எந்த விசாவில்?