பட்டியலில் உட்கார்ந்த மூன்று பேர்



வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்கும் பெண்கள் எங்கள் கிணத்துக்கடவில் இன்று நிறையப் பேர். எங்கள் வீதியில் ஒரு அம்மிணி இரண்டு நார் மில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான். போன வாரம் முகம் வெளிறி வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, கம்ப்யூட்டரைப் போட்டா அது முழிக்கிறதுக்குள்ள உலையே கொதிச்சுருதுங்க. ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்தா ஆன்டிவைரஸ் அப்டேட்டர்னு ரெண்டு, வெறுமனே 'ப்ரோக்ராம்'னு ஒண்ணு, ஆக மூணு உட்கார்ந்திருக்குது. நான் வாங்குனது ஒண்ணுதானுங்க! மில்லுக்காரங்க பேங்க் விவரமெல்லாம் இதுலதான் இருக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையத்தானுங்களே கேப்பாங்க?"

நியாயமான பயம்தான். ஆனால் பயந்துகொண்டே இருந்தால் ஆகுமா? விசாரிக்க வேண்டாமா?

ஸ்டார்ட்அப் பட்டியல் என்பது, கம்ப்யூட்டரைப் போட்டதும் நாம் கூப்பிடாமலே எழுந்து வேலை தொடங்கும் ப்ரோக்ராம்களின் பட்டியல். புதிது புதிதாக வரும் வைரஸ்களின் அடையாளத்தை கம்பெனியிலிருந்து வாங்கி வந்து வைப்பது அப்டேட்டரின் வேலை. ஆகவே, அதில் ஒன்று இருப்பது தப்பில்லை. மூன்று எப்படி வந்தன?

விசாரித்ததில் ஒன்று, அவள் காசு கொடுத்து வாங்கியது. இன்னொன்று, கம்ப்யூட்டருடனேயே வந்த இலவச மாதிரி. தவணை முடிந்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது, எப்போதோ எடுத்துவிட்ட ஒன்றின் மிச்சம். ஆள் போய்விட்டது, பெயர் மட்டும் பட்டியலில்!

வேறு வழியிலும் விருந்தாளிகள் நுழைவதுண்டு. ஒரு காலத்தில் அடோபி ஃபிளாஷ் ப்ளேயரை இறக்கினால், கூடவே மெக்காஃபியின் சோதனை ப்ரோக்ராம் ஒன்றும் வரும். முன்கூட்டியே போட்டு வைத்திருந்த டிக் குறியை நாம் எடுக்காமல் விட்டால், சம்மதம் என்று அர்த்தம்!

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்', 'வின்ஆன்டிவைரஸ்' என்ற பெயர்களில் போலிகள் உலவின. இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பறித்தன. 2008 டிசம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்றது அந்த ஆணையம்.

சரி, அசல்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஈஸ்கேன் என்பது நம் நாட்டு ஆன்டிவைரஸ். அதன் அப்டேட் வரும் வழியில் பாதுகாப்பு குறைவாக இருந்ததைப் பயன்படுத்தி, திருடர்கள் நடுவில் புகுந்து தங்கள் சரக்கைக் கலந்து அனுப்பினார்கள். அவாஸ்ட் கம்பெனி கண்டுபிடித்துச் சொல்ல, 2023 ஜூலையில் ஓட்டையை அடைத்தார்கள். 2024 ஏப்ரலில் விவரம் வெளியானது. அடைத்த பிறகும் புதிதாகச் சிலர் மாட்டிக்கொண்டார்கள். பழைய பதிப்பைப் புதுப்பிக்காமல் வைத்திருந்ததுதான் காரணமாக இருக்கும் என்றது அவாஸ்ட். கவனிப்பார் இல்லாத காவல்காரன், திருடனுக்குத் திறந்த கதவு!

நீங்களும் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதி.

1. தெரியாத பெயர் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' என்றால் பெரும்பாலும் முறையாக வந்தது. 'டெம்ப்' என்றால் சந்தேகப்படுங்கள்.

2. அந்த ஃபைலின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்கள். கம்பெனியின் கையெழுத்து இருக்கிறதா?

3. எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். முதலில் 'டிஸேபிள்' செய்து இரண்டு நாள் பாருங்கள்.

4. வேண்டாத ஆன்டிவைரஸை முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். மிச்சத்தைத் துடைக்கப் பல கம்பெனிகள் தனிக் கருவியே இலவசமாகத் தருகின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு ஆன்டிவைரஸ் போதும். இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று மோதும்.

வைரஸே வந்துவிட்டதோ என்று சந்தேகமா? மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இலவச சுத்திகரிப்புக் கருவிகள் தருகிறது. திரையில் திடீரென்று தோன்றும் டெலிபோன் நம்பருக்கு மட்டும் பேசவே பேசாதீர்கள்! பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மாதம் ஒரு தடவை அரிசிப் பானையைக் கொட்டிப் புடைக்கிறோம் அல்லவா? அன்றைக்கே இந்தப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. பிறர் நம்பிக் கொடுத்த கணக்கு நம் கையில் இருக்கிறதே!