பதரா, வைக்கோலா?

சனவரி 28, புனித தாமஸ் அக்குவினாசின் திருநாள். தாம் எழுதியவை யாவும் பதரே என்று அப்பெருமகனார் தம் இறுதி நாள்களில் கூறியதாக அன்றைய மறையுரையில் சொன்னோம். 1273 டிசம்பர் 6ஆம் நாள் நேப்பிள்சு நகரில் திருப்பலி நிறைவேற்றியபின் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்ட துணைவர் ரெஜினால்டுக்கு அவர் அளித்த விடை அது. 1274 மார்ச் 7ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

பூசை முடிந்ததும் ஒரத்தநாட்டு விவசாயி ஒருவர், முதியவர், கோவில் வாசலில் நம்மை நிறுத்தினார். "சாமி, போன வருசம் வைக்கோலுன்னு சொன்னீங்க, இப்ப பதருங்குறீங்க. வைக்கோல மாடு திங்கும். பதர என்ன செய்யிறது?"

இருமுறையும் நூல்களிற் கண்டதையே சொல்லியிருந்தோம். எனினும் வாயடைத்து நின்றோம். ஒரு மேதை தம் வாழ்நாள் உழைப்பைப் பயனற்றதென்று தள்ளினாரா, எளிய தீவனமென்று தாழ்த்தினாரா என்பதன்றோ வினா!

அவர் வாயில் வந்த இலத்தீன் சொல் 'பாலேயா'. இதிலிருந்து பிறந்ததே 'பேலியேஷஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடை. தாவர நூல்களுக்கு வெளியே அதைக் காண்பது அரிது. உமி போன்ற, உலர்ந்த செதில்கள் உடைய என்பது பொருள். சூரியகாந்திப் பூத்தட்டில் சிறுபூக்களுக்கு இடையே நிற்கும் செதில்களை நினைத்துக்கொள்க. நெல்லுமிக்கும் இரு மடல்கள் உண்டு. பெரியது 'லெம்மா', சிறியது அதே 'பாலேயா'. இரண்டும் மூடியிருந்து உள்ளே அரிசி இல்லையேல், அதுவே பதர். இம்மட்டில் நம் மறையுரை வென்றதுபோல் தோன்றும்.

ஆனால் பழைய இலத்தீன் விவிலியத்தைப் புரட்டினோம். மத்தேயு 3:12இல் நெருப்பில் எரிபடுவது 'பாலேயா', தமிழில் பதர். விடுதலைப் பயணம் 5இல் செங்கல் அறுக்கும் அடிமைகளுக்குப் பார்வோன் மறுத்ததும் 'பாலேயா', தமிழில் வைக்கோல். எசாயா 11:7இல் சிங்கம் மாட்டைப்போல் தின்பதும் அதுவே. வைக்கோற் படுக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பேலட்' என்ற பெயரும் பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல்லினின்று வந்ததே.

ஒரே சொல் இரண்டையும் குறித்தது எவ்வாறு? விடை களத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் கோதுமைத் தாள்மீது, அடியிற் கல் பதித்த பலகையை முன்பு மாடு பூட்டி இழுத்து வந்தனர். தாள் துண்டுதுண்டாகி உமியோடு கலந்துவிடும். தூற்றும்போது மணி பிரியும். மற்றது ஒரே குவியல். அது மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்குச் சேர்மானம், அடுப்புக்கு எரிபொருள். நம் கல்லணைக் கால்வாய்ப் பாசன ஊர்களிலோ நெற்கதிரை அடித்து, மாடு கட்டிப் போரடித்தாலும் தாள் நீளமாகவே நிற்கும். ஆகவே வைக்கோல் போருக்கும் பதர் தூற்றுமிடத்துக்கும் போயின, பெயரும் வெவ்வேறாயிற்று.

மறு ஞாயிறு இவ்வளவையும் பெரியவரிடம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். "இப்ப மிசின் அறுக்குற வைக்கோலும் அப்படித்தான் சாமி, தூளும் தும்புமா வருது. மாடு கொஞ்சம் மூஞ்சியத் திருப்பும். அப்புறம் தின்னுரும்" என்றார்.