சும்மா இருந்தவருக்கு 58,000 ரூபாய்

"இறுக்கிப் பிடித்து ஆடிய காலம் மலையேறிவிட்டது. இனி அடித்து ஆடுகிறவனுக்குத்தான் கோப்பை." போக்கர் டோர்னமென்ட் பற்றி வாய் திறக்கிற எவரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. வர்ணனையாளர் சொல்கிறார், பயிற்சி வீடியோ போடுகிறவர் சொல்கிறார், அந்த வீடியோவைப் பாதியில் விட்டுத் தூங்கிப்போனவரும் மறுநாள் நண்பர்களிடம் சொல்கிறார். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே 2025-இல் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆட்டம் நின்றது, உபதேசம் நிற்கவில்லை. பல வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அடித்து ஆடுவது என்றால் என்ன? வருகிற சீட்டில் பாதியை ஆடுவது, யார் ரெய்ஸ் செய்தாலும் மேலே ரெய்ஸ் செய்வது, கையில் ஒன்றுமில்லாதபோதும் சிப்பைத் தள்ளி எதிராளியைப் பயமுறுத்துவது. இதற்கு அவர்கள் காட்டும் முதல் சாட்சி கிறிஸ் மணிமேக்கர். நூறு டாலருக்கும் குறைவான சாட்டிலைட் போட்டி (பெரிய போட்டிக்கான டிக்கெட்டைப் பரிசாகத் தரும் சின்னப் போட்டி) வழியாக 2003-இல் லாஸ் வேகாஸ் உலக போக்கர் தொடரின் மெயின் ஈவன்டுக்கு வந்து, 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலரை வென்ற கணக்காளர். கடைசி இருவராக மிஞ்சியபோது, கையில் ராஜாவும் ஏழும் மட்டும், ஒரு ஜோடிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு முழுச் சிப்பையும் தள்ளினார். எதிரில் ஒன்பதில் ஜோடி வைத்திருந்த சாமி ஃபார்ஹா சீட்டைப் போட்டுவிட்டார். 'நூற்றாண்டின் பிளஃப்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, கோப்பையைக் கொடுத்த கடைசிக் கை எது? ஃபுல் ஹவுஸ். ஐந்தும் நான்கும் வைத்திருந்தவருக்குப் பலகையில் இன்னும் இரண்டு ஐந்தும் ஒரு நான்கும் விழுந்தன. நல்ல சீட்டு வந்தது, பணம் போட்டார், ஜெயித்தார். இதை யாரும் போஸ்டர் அடித்து ஒட்டவில்லை.

அதே மேசையில் மூன்றாம் இடம் பிடித்தவர் டான் ஹாரிங்டன். 1995-இல் இதே மெயின் ஈவன்டை வென்றவர், பொறுமைக்குப் பேர்போனவர். 'ஆக்‌ஷன் டான்' என்ற பட்டப்பெயரே கிண்டல்தான். 2003-இல் 839 பேரில் மூன்றாவது. மறு வருடம் 2,576 பேர் வந்தார்கள், அதில் நான்காவது. அடுத்தடுத்து இரண்டு வருடம் கடைசி மேசையில் உட்கார்ந்தவர் இறுக்கி ஆடுகிற ஆள். மலையேறிய காலம் எந்த மலையில் ஏறியது என்று எனக்குப் புரியவில்லை.

அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை என்பார்கள். பழைய பாணியில் ஆடும் ஃபில் ஹெல்முத்தைப் பாருங்கள். 24 வயதில், 1989-இல், மெயின் ஈவன்டை வென்றார். அவருக்குப் புது ஆட்டம் தெரியாது என்று இளைஞர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவரும் 2023-இல், உலகத் தொடரில் வெல்பவருக்குத் தரும் பிரேஸ்லெட்டில் 17-ஆவதை வாங்கிவிட்டார். வேறு யாருக்கும் 17 இல்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அவர்களுடைய அடுத்த சாட்சி கஸ் ஹான்சன். எந்தக் கையையும் ஆடுவார், தொலைக்காட்சியில் பட்டம் மேல் பட்டம் வென்றார், உண்மை. அதே ஹான்சன் இணையத்தின் பெரிய மேசைகளில் 2 கோடி டாலருக்கு மேல் விட்டார் என்பதும் ஊரறிந்தது. அது சிப்பே பணமாக இருக்கும் கேஷ் ஆட்டம், டோர்னமென்ட் அல்ல என்று ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபிக்கட்டும், நான் எழுதிவிட்டேன்.

"கம்ப்யூட்டரே அடித்து ஆடத்தான் சொல்கிறது" என்பது மூன்றாவது வாதம். 2019-இல் ப்ளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேசையில் உலகத்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. முதல் சுற்றில் வெறுமனே கட்டாயப் பந்தயமான பிளைண்டுக்குச் சமமாகப் போட்டு நுழைவது, ஸ்மால் பிளைண்டைத் தவிர மற்றவர்களுக்கு நல்லதல்ல என்று அது காட்டியது. அதாவது, ரெய்ஸ் செய் அல்லது சீட்டைப் போடு. பயிற்சியாளர்கள் காதில் முதல் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேச வேண்டியவர் பெரும்பாலான கைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்றுதான் இன்றைய கணக்கு மென்பொருள் எதுவும் சொல்லும். டீலர் இடமான பட்டனில் உட்கார்ந்தால் பாதிக்குப் பக்கத்தில் ஆடலாம். ஒவ்வொரு கைக்கும் கட்டும் ஆன்டி சேர்ந்தபிறகு மேசை நடுவில் சும்மா கிடக்கும் பணம் கூடுகிறது, கொஞ்சம் தாராளமாக ஆடலாம். ஒப்புக்கொள்கிறேன், மேலே போவோம்.

ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறு. டோர்னமென்டில் சிப் பணம் அல்ல. அடித்து ஆடச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தொடவே மாட்டார்கள்.

2024 மெயின் ஈவன்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10,112 பேர், ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம், 60,000 சிப். செலவு போக ஒவ்வொருவர் பணத்திலும் 9,300 டாலர் பரிசுக்குப் போனது. மொத்தம் 9 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சற்று மேல். கடைசியில் அத்தனை பேர் சிப்பும் ஜோனதன் டமாயோ முன்னால் குவிந்தது. அவருக்குக் கிடைத்தது 1 கோடி டாலர். சிப் முழுவதும் அவருடையது, பணத்தில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. சிப் 10,112 மடங்கானபோது பணம் 1,075 மடங்குதான் ஆனது. ஆகவே, ஜெயிக்கும் சிப்பைவிட இழக்கும் சிப்புக்கு மதிப்பு அதிகம்.

இதைச் சின்ன மேசையில் வைத்துப் பார்க்கலாம். நான்கு பேர் மிச்சம், ஆளுக்குச் சமமான சிப். பரிசு மூன்று பேருக்கு: 5 லட்சம், 3 லட்சம், 2 லட்சம். இப்போது ஒவ்வொருவர் சிப்புக்கும் மதிப்பு இரண்டரை லட்சம். ஒருவர் சீட்டைப் பார்க்காமலே முழுச் சிப்பையும் தள்ளுகிறார். அது உங்களுக்கும் தெரியும். உங்கள் கையில் ஏஸும் ராணியும், வேறு வேறு சூட். எதிராளியிடம் எந்தச் சீட்டும் இருக்கலாம் என்றால் நூற்றுக்கு 64 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். கால் செய்வீர்களா, அதாவது அதே அளவு சிப்பைப் போட்டு மோதுவீர்களா?

செய்யக் கூடாது. ஜெயித்தால் உங்கள் சிப் இரட்டிப்பாகும், மதிப்பு 5 லட்சம் ஆகாது. முதல் இடம் கிடைக்க வாய்ப்பு பாதி, இரண்டாவதற்கு மூன்றில் ஒன்று, மூன்றாவதற்கு ஆறில் ஒன்று. பெருக்கிக் கூட்டினால் 3 லட்சத்து 83 ஆயிரம். தோற்றால் பூஜ்யம். இரண்டரை லட்சத்தை 3.83 லட்சத்தால் வகுத்தால், நூற்றுக்கு 65 தடவைக்கு மேல் ஜெயித்தால்தான் கால் செய்வது கட்டுப்படியாகும். பிளைண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏஸ்-ராணி மயிரிழையில் தவறுகிறது. கேஷ் மேசையில் இதே நிலையில் ராணியும் ஏழும் வைத்துக்கொண்டுகூடக் கால் செய்யலாம், பாதிக்கு மேல் ஜெயித்தால் போதும்.

5 லட்சத்தில் மீதி 1 லட்சத்து 17 ஆயிரம் எங்கே போனது? ஒருவர் வெளியேறினால், சீட்டைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற இருவரின் மதிப்பும் இரண்டரை லட்சத்திலிருந்து 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு ஏறுகிறது. ஆளுக்கு 58,000 ரூபாய் சொச்சம். மோதிக்கொண்ட இருவரும் தங்கள் பையிலிருந்து எடுத்து, சும்மா இருந்தவர்களுக்குத் தானம் செய்திருக்கிறார்கள்.

"அப்படியானால் எல்லோரும் பயந்து போடுவார்கள், தள்ளுகிறவனுக்குத்தானே லாபம்?" இவர்களுடைய வாதத்திலேயே இதுதான் கெட்டிக்காரத்தனமானது. லாபம்தான், எதிரில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால். கையில் இரண்டு ஐந்தைப் பார்த்ததும் பரபரக்கிறவர் எதிரில் இருந்தால், அவர் கணக்குப் போட மாட்டார், கால் செய்வார். இருவர் பணமும் பக்கத்து நாற்காலிக்குப் போகும். மேசையிலேயே பெரிய சிப் குவியல் உங்கள் முன்னால் இருந்தால் தாராளமாகத் தள்ளுங்கள், தோற்றாலும் வெளியேற மாட்டீர்கள். உபதேசம் கேட்பவர்களில் பெரும்பாலோர் முன்னால் அந்தக் குவியல் இருப்பதில்லை.

சாட்டிலைட்டில் இது இன்னும் அப்பட்டம். பத்து டிக்கெட், பதினோரு பேர் மிச்சம், ஒருவரிடம் இரண்டு பிளைண்டுக்குத்தான் சிப் இருக்கிறது. அப்போது பெரிய குவியல் வைத்திருப்பவர் முழுச் சிப்பையும் தள்ளினால், நடுத்தரக் குவியல் வைத்திருப்பவர் இரண்டு ஏஸ் வந்தாலும் போட்டுவிட வேண்டும். அடித்து ஆடுவதன் அவதார புருஷரான மணிமேக்கர் நுழைந்தது இப்படிப்பட்ட வாசல் வழியாகத்தான் என்பதை வர்ணனையாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: "இளம் வீரர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடுகிறார்கள்." 2024-இல் வந்த 10,112 பேரில் 8,500-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு டாலர்கூட வாங்காமல் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் இதே வீடியோவைப் பார்த்து அடித்து ஆடியவர்கள்? கேமரா கடைசி மேசைக்குத்தான் போகிறது.

அடுத்த முறை பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னால், நடத்துகிறவரிடம் அந்த நான்கு பேர் மேசையைக் கொடுத்து, ஏஸ்-ராணியை என்ன செய்வார் என்று கேளுங்கள். யோசிக்காமல் "தள்ளு" என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.