மண்ணும் மனிதனும் ஒரே பாடம்

பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் மலை, ஆறு, மழை ஒரு பகுதி. மக்கள், தொழில், குடியிருப்பு வேறொரு பகுதி. பரீட்சைக்கு இது வசதியாயிருக்கலாம். ஆனால் நோய் இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து. இதற்கு நமது தோட்டங்களின் சரித்திரமே சாட்சி.

1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. அங்கே அரசாங்க வைத்தியராயிருந்த மால்கம் வாட்சனின் யோசனைப்படி காடு வெட்டப்பட்டது. கால்வாய் தோண்டிச் சதுப்பு நீர் வடிக்கப்பட்டது. நிழல் விழுந்த சதுப்பில் வளரும் கொசு ஒழிந்தது; காய்ச்சலும் தணிந்தது.

ஆனால் அதே வைத்தியம் குன்றுப்புறத் தோட்டங்களில் பலிக்கவில்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்ததும் ஓடைகளின்மேல் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த நீரில் வளரும் வேறொரு கொசு அங்கே பெருகியது. ஓடைக்கு அருகிலிருந்த லயங்களில் நம் முன்னோர் காய்ச்சலில் விழுந்தனர். பிறகுதான் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்துக் கொண்டுபோவதும், நீர்மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன.

இதற்குச் சீதோஷ்ணத்தைப் பழிப்பது நியாயமா? ஓடை இயற்கை தந்தது. அதன் நிழலைப் போக்கியவர் தோட்ட முதலாளிகள். அதன் பக்கத்தில் குடிவைக்கப்பட்டவர் தொழிலாளர்.

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. குரங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மலேரியா சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில் பலரைப் பீடித்திருந்ததை 2004இல் ஆய்வாளர் வெளியிட்டனர். சபாவில் காடு அழிந்த இடங்களை ஒட்டிய கிராமங்களில் இந்நோய் மிகுதி என்று பின்னர் வந்த ஆய்வு கூறுகிறது. காட்டோரத்திலும் தோட்டத்திலும் உழைப்போரே இதற்கு அதிகம் இரையாகின்றனர்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: புதிய நிலம் திறக்குமுன் மண்ணையும் நீரையும் ஆராய்கிறவர்கள், அங்கே வேலை செய்யப்போகிறவர் எங்கே குடியிருப்பார், எந்த நீரைக் குடிப்பார், எந்த நேரத்தில் காட்டுக்குப் போவார் என்பதையும் சேர்த்து ஆராயவேண்டும். எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும் என்பது பால்வெட்டும் தொழிலாளிக்குத் தெரியும். எந்த லயத்தார் எத்தனை நாள் காய்ச்சலில் படுத்தார்கள் என்பது கிராணியாரின் செக்ரோலில் தெரியும். நிலப்படத்தையும் செக்ரோலையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கட்டும். நம் பிள்ளைகளுக்கும் பூகோளத்தை அப்படியே கற்பிக்கட்டும்!