நோயாளிக்கு பிரஷர் பார்த்தாச்சு... பார்த்துக்கிறவருக்கு?



பெரம்பலூர், அரியலூர்ல உங்க தெருவையே நினைச்சுப் பாருங்க. பக்கவாதத்தில் படுத்த அப்பா, டயாலிசிஸ்ல இருக்கிற கணவர், எழுந்து நடக்க முடியாத மாமியார். குளிப்பாட்டி, தூக்கி உட்கார வெச்சு, மாத்திரை கொடுக்கிறது யாரு? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். சம்பளம் இல்லை, லீவும் இல்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் குழந்தை, முதியவர், நோயாளி என வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்கிறார்கள். தினமும் சுமார் 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம்தான், அவர்களுக்கு 74 நிமிடம்.

சரி, அந்தப் பெண்ணுக்கே சர்க்கரையோ பிரஷரோ இருந்தா?

உடம்பு நல்லா இருக்கிறவருக்கே இந்த வேலையில் தூக்கம் போகும், இடுப்பு போகும். சர்க்கரை உள்ளவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடணும். ஆனா நோயாளிக்கு ஊட்டி முடிச்ச பிறகுதான் அவர் தட்டில் சோறு. செந்துறையிலிருந்து அரியலூருக்கோ, வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்கோ பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்னு திரும்ப அரை நாள் ஆகும். அதுவரை நோயாளியை யாரிடம் விடுவது? அதனால் தன் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். கடைசியில் அவரும் படுத்துட்டா, ஒரே வீட்டில் ரெண்டு நோயாளி. பார்த்துக்க ஆளே இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023-ல் வந்த மகளிர் உரிமைத் தொகை, வீட்டு வேலையும் உழைப்புதான் என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த படி என்ன?

👉 நோயாளியைப் பார்க்க வரும் பணியாளர், கவனித்துக்கொள்பவருக்கும் அன்றே பிரஷர், சர்க்கரை பார்க்கணும்.

👉 அவருக்கு நோய் இருந்தால், அவர் மாத்திரையும் அதே பையில் வரணும்.

👉 படுக்கையில் உள்ளவர்களைக் கவனிப்பவருக்குக் கேரளாவில் ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என வகுத்திருக்கிறார்கள். நோயாளியின் பெயரில் இல்லாமல் கவனிப்பவரின் பெயரில் ஒரு தொகை நம்ம மாநிலத்திலும் வேணும். அவரே நீண்டகால நோயாளி என்றால் கூடுதலாகத் தரணும்.

இதையெல்லாம் கோரிக்கையா எழுதி, உங்க ஊர் கிராம சபையில் தீர்மானமா வைங்க.

அதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒண்ணு செய்யலாம். உங்க வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கிற அம்மாவோ அக்காவோ கடைசியா எப்போ பிரஷர் பார்த்தாங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, ஒரு நாள் நீங்க நோயாளி பக்கத்தில் உட்காருங்க. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும்.

#கவனிப்பவரையும்_கவனிப்போம்