அம்பாசடர் வாசித்த மேளம்

எங்கள் தெரு விநாயகருக்கு மேளம் இல்லாமல் இல்லை. அடிக்கிற கைக்குத்தான் வயசாகிவிட்டது.

தெருவே 'அப்புச்சி' என்று கூப்பிடும் பெரியவர். எண்ணெய் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கோயிலில் அவருக்குச் சம்பளம் கிடையாது. சுண்டல் உண்டு. தினமும் சாயங்காலம் தீபாராதனைக்கு வலது கையில் மேளக் குச்சி, இடது கையில் மணிக்கயிறு. போன வருஷம் தோள்பட்டை பிடித்துக் கொண்டது. 'தொம்... தொம்' என்று கேட்ட மேளம், 'தொம்... அம்மாடி... தொம்' என்று கேட்க ஆரம்பித்தது.

கமிட்டி கூடியது. (டீக்கடையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் அதுதான் எங்கள் கமிட்டி.) பொருளாளர் அடியேன். தகுதி: பி.காம்.

"மெஷின் வாங்கிரலாமுங்க" என்று ஏகமனதாகத் தீர்மானம்.

அந்த மெஷினை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் மூலையில் ஓர் இரும்புச் சட்டத்தில் மேளம், மணி, ஜாலரா எல்லாம் ஒன்றாக மாட்டியிருக்குமே, பூசாரி ஸ்விட்சைத் தட்டியதும் கோயிலே அதிருமே, அதேதான். உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு. சாதாரண நாலு போல் மோட்டார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,440 சுற்று சுற்றும். சின்னப் புல்லி, பெரிய புல்லி போட்டு வேகத்தைக் குறைத்து, தண்டைச் சுற்ற விட்டால் அது குச்சிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். கரண்டில் இருக்கும் 50 ஹெர்ட்ஸ்தான் அதற்குத் தாள வாத்தியார். ஆடி வெள்ளியானாலும் அமாவாசையானாலும் ஒரே வேகம்.

விலை விசாரித்தேன். அப்புறம் உண்டியலைக் குலுக்கினேன். இரண்டும் ஒத்துப் போகவில்லை.

"எதுக்கு மாமா வாங்கோணும்? நாமளே செஞ்சிரலாம்" என்றான் அக்கா மகன். கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான்.

இப்படிச் சொல்வது எங்கள் பக்கத்துக் காற்றிலேயே இருக்கிற வியாதி. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்த ஜி.டி.நாயுடு, 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவையில் கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். நான் பி.காமை முழுசாக முடித்துவிட்டேன். அங்கேதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

மருமகனின் முதல் முயற்சி சாலினாய்டு. கம்பிச் சுருளுக்குள் ஓர் இரும்புத் துண்டு. கரண்ட் கொடுத்தால் இரும்பு வெடுக்கென்று நகர்ந்து அடிக்கும். எப்போது அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட, உள்ளங்கையளவு ஆர்டுயினோ போர்டு. மேளத்தை எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டான்.

முதல் நாள் சத்தத்துக்குப் பதில் புகை வந்தது. சாலினாய்டில் கரண்டை நிறுத்தும்போது சுருள் பின்னாலேயே ஓர் உதை உதைக்குமாம். அதைத் தாங்க ஒரு டயோடு வைக்க வேண்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சமாச்சாரம். அதை மறந்ததில் டிரான்சிஸ்டர் சிவலோகப் பதவி அடைந்தது. "சாம்பிராணி போடறீங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் சத்தம் வந்தது. ஆனால் 'தொம்' இல்லை, 'தப்'. மெத்தையை அடித்த மாதிரி. அடித்த குச்சி தோல் மேலேயே குந்திக் கொண்டால் நாதம் செத்துப் போகும். தொட்டதும் விலக வேண்டும். (உறவினர் வீட்டு விசேஷங்களில் நான் கடைப்பிடிக்கும் அதே கொள்கை.) கரண்ட் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில் நாதம் வந்தது, பலம் போய்விட்டது. கோயில் மேளம் எறும்பு நடக்கிற மாதிரி கேட்டால் விநாயகர் என்ன நினைப்பார்?

மூன்றாவது வாரம் பழைய இரும்புக் கடையில் தெய்வம் கண் திறந்தது. அம்பாசடர் காரின் வைப்பர் மோட்டார்! 12 வோல்ட். உள்ளேயே பல் சக்கரம் இருப்பதால் மெதுவாக, ஆனால் யானை பலத்தோடு சுற்றும். கார் பாட்டரியில் ஓடும் என்பதால் கரண்ட் போனாலும் பூஜை நிற்காது.

மோட்டாரில் ஒரு வட்டத் தகடு. விளிம்பில் வரிசையாக ஆணிகள். ஆணி வந்து குச்சியின் வாலை அமுக்கும், தலை தூக்கும். ஆணி தாண்டியதும் ஸ்பிரிங் இழுத்து மேளத்தில் ஒரு போடு. மணிக்கு வேறு ஆணி. ஆணியை இடம் மாற்றினால் தாளம் மாறும்.

என்னமோ புதுசாகக் கண்டுபிடித்துவிட்டதாக நான் மார்தட்டியபோது மருமகன் காற்றைப் பிடுங்கி விட்டான். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் பனூ மூஸா என்ற மூன்று சகோதரர்கள், முளை அடித்த உருளையைச் சுற்ற விட்டு, தானாக வாசிக்கும் வாத்தியத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களாம். பிறகு வந்த பியானோலாவில் முளைக்குப் பதில் ஓட்டை போட்ட காகிதச் சுருள். நம் நெசவாளர் வீடுகளில் ஜக்கார்டு தறிக்கு மேலே ஓட்டை அட்டை தொங்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. அங்கே ஓட்டை மாங்காய் புட்டாவாக விழும், இங்கே சங்கீதமாக விழும். திப்பு சுல்தானிடம் கைப்பிடி சுற்றினால் உறுமும் மரப்புலி இருந்தது. வயிற்றுக்குள் ஒரு குட்டி ஆர்கன் வேறு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெள்ளைக்காரன் எடுத்துப் போனான். இப்போது லண்டன் மியூசியத்தில் இருக்கிறது.

ஆக, ஆயிரம் வருஷம் லேட்டாக, பொள்ளாச்சியில் எங்கள் அம்பாசடர் வாசித்தது. மொத்தச் செலவு 2,860 ரூபாய். பொன்னாடை மருமகனுக்கு. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

அப்புச்சி அன்று வந்தார். வாசலோடு நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஏதோ இடித்தது. பூசாரி தட்டைக் கையில் எடுக்கும் முன்பே மெஷின் உச்சத்தில் அடிக்கிறது. அவர் கற்பூரத்தை உயரத் தூக்கும்போதும் அதே அடி. கீழே வைத்த பிறகும் அதே அடி. அப்புறம் ஜூன் மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வந்து மேளத் தோல் தளர்ந்துவிட்டது. மெஷினுக்கு அது தெரியவில்லை. 'தப்... தப்' என்று மனசாட்சியே இல்லாமல் அடித்துக் கொண்டிருந்தது.

நானும் மருமகனும் அப்புச்சி வீட்டுக்குப் போனோம்.

"நமக்கு அங்க என்ன வேலைன்னு ஒக்காந்துக்கிட்டாருங்க" என்றார் மருமகள்.

"என்னுங் அப்புச்சி, எங்க மேல கோவமுங்களா?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. மெசினு நல்லாத்தான் அடிக்குது. ஆனா அது ஆரைப் பாத்து அடிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"நான் பூசாரி கையப் பாத்து அடிப்பேன். தட்டு மேல போனா நானும் மேல போவேன். அவருக்கு கை நடுங்குச்சுன்னா சித்தெ இழுத்துப் புடிப்பேன். மழக்காலத்துல தேங்காத் தொட்டி நெருப்புல தோலக் காட்டோணும். உங்க மெசினு காட்டுமா?"

திரும்பி வரும்போது மருமகன் பேசவே இல்லை. தெருமுனையில்தான் வாயைத் திறந்தான். "மாமா, அஜய் கபூர்னு ஒருத்தர் 12 கை வச்ச மகாதேவிபாட்னு ஒரு மெஷின் செஞ்சாருங்க. நம்ம ஊர் தாள வாத்தியமெல்லாம் அடிக்கும். அவர் சிதார்ல சென்சார் வச்சிருக்காரு. அவர் வாசிக்கிறதக் கவனிச்சு அது கூடவே வாசிக்கும். நான் கைய மட்டும் பாத்தேன். காதை விட்டுட்டேன்."

"சரி, நம்ம மெஷினுக்குக் காது வாங்க எவ்வளவு ஆகும்?" என்றேன். (பொருளாளர் புத்தி.)

"எதுக்கு வாங்கோணும்? அதான் அப்புச்சி இருக்காரே."

மறுநாள் மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன போர்டும், திருக ஒரு குமிழும் வைத்தான். பூசாரி கை தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டோம். அப்புச்சியைக் கையோடு கூட்டி வந்தோம். அவர் முதலில் மேளத்தைக் கழற்றச் சொல்லி, அனல் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி மாட்ட வைத்தார். இடது கையைக் குமிழ் மேல் வைத்தார். அந்தத் தோளில் வலி இல்லை.

திரை விலகியது. மேளம் மெல்ல ஆரம்பித்தது. தட்டு எழ எழ அதுவும் எழுந்தது. கற்பூரம் உச்சிக்குப் போன அந்த ஒரு நொடியில், அப்புச்சி கண்ணை எடுக்காமல் குமிழை ஒரு திருகு திருகினார் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. வைப்பர் மோட்டார் என்பதே மறந்து போச்சு.

கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன். செலவு: குமிழ், போர்டு வகையில் 240 ரூபாய். வரவு: அப்புச்சி, 1.

ஆடிட்டர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். விநாயகர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.