வி.ஆர். ஹெட்செட்டில் தீயணைப்புப் பயிற்சி: கோவில்பட்டி மாணவர்களுக்கு எது முதலில் தேவை?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பிடித்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 40 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உதவலாம், என்னன்னு பார்க்கலாம் என்று ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்து வெடித்தபோது மாட்டிக்கொண்டார்கள்.

பள்ளி மாணவர்களுக்கு வி.ஆர். எனும் மெய்நிகர் தொழில்நுட்பத்தில் தீயணைப்புப் பயிற்சி தரலாமா என்ற கேள்வியை, கரிசல் பூமியில் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் யோசிக்கணும். தரலாம். ஆனா, பயிற்சியின் முதல் பாடம் தீயை அணைப்பதாக இருக்கக் கூடாது. எந்தத் தீயை விட்டு விலகி ஓடணும் என்பதாக இருக்கணும்.

வி.ஆர். பயிற்சி எப்படி நடக்கும்?

ஹெட்செட்டை மாட்டினால் கண்முன்னே எரியும் அறை. கையில் இருக்கும் கருவிதான் தீயணைப்பான். தப்பான இடத்தில் அடித்தால் தீ பரவும். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃப்ளெய்ம்' என்ற பயிற்சிக் கருவி இன்னும் ஒரு படி மேலே: உடையில் சூடு ஏறும், குழாய் பின்னோக்கி உதைக்கும். நம்ம ஊரில், சென்னை ஐஐடியில் இதுபோன்ற தொழில்நுட்பங்களுக்கென்றே 'எக்ஸ்டிக்' என்ற ஆய்வு மையம் இருக்கிறது. தமிழ் பேசும் பயிற்சி மென்பொருளை இங்கேயே செய்ய முடியும்.

கோவில்பட்டிக்கு ஏன்?

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள். எல்லை தாண்டினால் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி பட்டாசு ஆலைகள். எளிதில் தீப்பற்றும் பொருள், வெடிபொருள் சார்ந்த வேலைகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்க 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் தடை விதிக்கிறது. நல்லது. ஆனா, அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிடும். ஆலைக்குள்ளே அம்மா வேலை பார்க்கும்போது, சத்தம் கேட்டால் 15 வயதுப் பையன் எந்தப் பக்கம் ஓடுவான்?

ஆலை மட்டுமா? கோடையில் காய்ந்து கிடக்கும் வைக்கோல் படப்பு, கரிமூட்டம், வீட்டு சிலிண்டர் என்று தீக்கு ஆயிரம் வழி. தண்ணீர்தான் குறைவு.

வி.ஆர். எதைச் சொல்லித்தர முடியும்?

நிஜத்தில் ஒத்திகை பார்க்கவே முடியாததை. முதல் வெடி முடிந்ததும் ஒரு அமைதி வரும். 'அவ்வளவுதான்' என்று உள்ளே போகத் தோன்றும். அந்த நொடியில் நிற்பதா, போவதா? இதை எந்த மைதானத்திலும் செய்துகாட்ட முடியாது. ஹெட்செட்டுக்குள் நூறு முறை தோற்கலாம், ஒரு காயமும் இருக்காது.

அதேபோல, எதில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடி போடணும். தண்ணீர் ஊற்றினால் தீ தெறிக்கும். பட்டாசில் சேரும் அலுமினியப் பவுடர் எரியும்போது தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி இன்னும் சீறும். பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகலாம். கண்முன்னே சீறினால் மறக்காது.

எங்கே சறுக்கும்?

கையில் எடை இருக்காது. 6 கிலோ பவுடர் தீயணைப்பானை நிஜத்தில் தூக்கினால் உருளையோடு சேர்த்து 9 கிலோவைத் தொடும். அடிக்க ஆரம்பித்தால் அரை நிமிடம்கூட தாங்காது. மூச்சை அடைக்கும் புகையையும் சாதாரண ஹெட்செட் காட்டாது. 'கேம்ல அணைச்சிட்டேன்' என்ற தைரியத்தோடு ஒரு பையன் நிஜத் தீக்குள் போனால், பயிற்சியே ஆபத்தாகிவிடும்.

கணக்கும் இடிக்கிறது. 40 பேர் வகுப்பு, ஆளுக்கு 10 நிமிடம், ஒரே ஹெட்செட் என்றால் 400 நிமிடம். கிட்டத்தட்ட 7 மணி நேரம். பள்ளிக்கு ஒன்று வாங்கி அலமாரியில் பூட்டுவதைவிட, நாலைந்து ஹெட்செட்டோடு ஒரு வண்டி பள்ளி பள்ளியாகப் போவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில் நிஜம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த வழக்கில், பள்ளிகளில் தீயணைப்பான் இருக்கணும், ஊழியர்களுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியணும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பதிலாக ஹெட்செட் வரக் கூடாது. அதற்கு மேல்தான் வரணும்.

அடுத்தது நேரம். தேசிய தீயணைப்பு வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. பள்ளிகளில் பரீட்சையும் லீவுமாக இருக்கும் சமயம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை நடத்தினால் பலன் அதிகம். காலையில் தீயணைப்பு வீரர்கள் முன்னிலையில் நிஜ மணல் வாளி, நிஜ தீயணைப்பான். மதியம் ஹெட்செட். அதில் தீயை அணைத்தவருக்கு மட்டும் மதிப்பெண் தராமல், சரியான நேரத்தில் வெளியேறி, மற்றவர்களையும் தடுத்து, 101 அல்லது 112-க்கு அழைத்தவருக்கு முழு மதிப்பெண் தரணும்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சுவரில் தொங்கும் தீயணைப்பானில் கடைசியாக எப்போது மருந்து நிரப்பினீர்கள்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு, வி.ஆர். பற்றிப் பேசலாம்.